உறை பிடிக்காத மாதம்

எங்கள் தொழிற்சாலையில் தொடர்ந்து மூன்று நாள் தயிர் உறையாமல் போனபோது நான் முதலில் சந்தேகப்பட்டது மாட்டை. அடுத்து தண்ணீரை. அதற்கும் அடுத்து ஒரு பெண்ணின் கையை. என்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தரக் கட்டுப்பாட்டு அதிகாரியான என் மேசையில் அதற்கென்று நிரப்பும் பாரம் எதுவும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மலேசியாவில், மலாக்காவை ஒட்டிய ஆயர் குரோ தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் எங்கள் தொழிற்சாலை இருந்தது. தயிரும் மோரும்தான் சரக்கு. ஜாசின் பக்கத்தில் மாடு வைத்திருந்த தமிழர்கள் காலையில் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். நாங்கள் அதைக் காய்ச்சி, ஆற்றி, மாலையில் உறை ஊற்றி, மறுநாள் காலை டப்பாவில் அடைத்து மலாக்கா கடைகளுக்கு லாரியில் அனுப்புவோம். முதலாளி தமிழர். கணக்கு வழக்கை முதலாளியம்மா பார்த்தார். பரிசோதனைக் கூடம் என் ராஜ்ஜியம். ராஜ்ஜியம் என்றால் ஒரு நுண்ணோக்கி, ஒரு கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி, ஒரு உறைபனிப் பெட்டி, நானே எழுதிய தடித்த நடைமுறைக் கோப்பு ஒன்று. கையை எத்தனை விநாடி கழுவ வேண்டும் என்பதுகூட அதில் உண்டு.

உறை அறையில் வேலை பார்த்தவர் பெம்பானுக்கு உள்ளே ஒரு தோட்டத்திலிருந்து வந்த அம்மா. நாற்பது வயதிருக்கும். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டதும் எங்கள் வேனில் ஏறிவிட்டார். தோட்டத்தில் கல்யாணம், கோயில் சாப்பாடு என்றால் தயிருக்கு உறை ஊற்ற இவரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் முதலாளியம்மா வேலைக்கு எடுத்தார். நான் சிரித்தேன். கைராசியை அளக்கும் கருவி என்னிடம் இல்லை என்று சொன்னேன். ஆனால் அந்தம்மா குடுவையைத் திறக்கும்போது வாய்ப்பகுதியை நெருப்பில் காட்டுவதும், மூச்சைக் கூடத் தள்ளி விடுவதும் என் கோப்பில் இருந்ததைவிட ஒரு படி மேலாகவே இருந்தது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் மூடியைத் தூக்கினால், முந்தின நாள் ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. கரண்டி விட்டால் கரண்டி மூழ்கியது. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை பாதி உறைந்து, மூக்குச்சளி போல் நின்றது. எல்லாவற்றையும் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினோம். அது உறை அறையின் சன்னலுக்கு நேர்கீழே ஓடியது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால் மருந்து பாலில் வந்து உறையைக் கெடுக்கும். சோதித்தேன், இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. தண்ணீர் சுத்தம். மிச்சமிருந்தது கை. ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதினேன். உறை அறை ஊழியரின் கையாளுதலால் மாசு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று முடித்தேன். 'வாய்ப்புண்டு' என்று போட்டதால் நான் நியாயமாக நடந்துகொண்டதாக ஒரு நினைப்பு.

டப்பா அடைக்கும் இடத்தில் ஆறு பெண்கள். அவர்களுக்கு ஆங்கில அறிக்கை தேவைப்படவில்லை. "தூரமா இருக்கறப்ப உள்ள போயிருக்கும்லா. வேற என்னா?" என்று ஒருத்தி சொல்ல, மத்தியானத்துக்குள் அது முடிந்த தீர்ப்பாகிவிட்டது. மாதவிலக்கு நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது, தயிருக்கு உறை ஊற்றக் கூடாது என்று வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். அந்தம்மாவும்தான். கேன்டீனில் அவர் ஊற்றிக் கொடுத்த மோரை ஒருத்தி வாங்கி, குடிக்காமல் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதை நானே பார்த்தேன்.

சாயங்காலம் முதலாளியம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சார், அந்தம்மா எந்தெந்தத் தேதியில லீவு எடுத்திருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன். சும்மா, ஒரு இதுக்கு."

எதுக்கு என்று எனக்குப் புரிந்தது. மூட நம்பிக்கை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. லீவு அட்டையை எடுத்தேன். முன்பு மாதாமாதம் அவர் 'வயிற்று வலி' என்று எடுத்த நாட்களை ஒரு தாளில் எழுதினேன். அதிலிருந்து இந்த மாதத்து நாட்களைக் கணக்குப் போட்டு, தயிர் கெட்ட நாட்களைப் பக்கத்தில் எழுதினேன். இரண்டு நாள் பொருந்தின. இரண்டு புள்ளி இருந்தால் எந்த ஊருக்கும் கோடு போடலாம் என்று தெரிந்த படிப்புப் படித்தவன் நான். ஆனாலும் தாளை மடித்துக் கொடுத்தேன். முதலாளியம்மா தீட்டு என்றார், நான் மாசு என்றேன். இரண்டும் ஒரே ஆளின் கையைத்தான் காட்டின. என்னுடையது ஆங்கிலத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியோடு அந்தம்மாவை நிறுத்திவிடுவதென்று முடிவாயிற்று. வேலை தெரிந்த வேறு ஆள் இல்லாததால் அதுவரை உறை அறையிலேயே இருக்கச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் தயிர் பிரமாதமாக உறைந்தது. கத்தியால் வெட்டலாம் போல் கட்டி. சூட்டுப்பெட்டியை நான் மருந்து போட்டுக் கழுவியதன் பலன் என்று முதலாளியிடம் சொன்னேன். மறுநாள் மறுபடியும் தண்ணீர். அதற்கு மறுநாள் மறுபடியும் கட்டி. எனக்கு இதுதான் பிடிக்காது. கெடுவதாக இருந்தால் ஒழுங்காகக் கெட வேண்டும்.

நன்றாக உறைந்ததை எடுத்து வாயில் வைத்தேன். புளிப்பில் ஒரு வாசனை இருந்தது, எங்கள் சரக்கில் இல்லாத வாசனை. நுண்ணோக்கியில் வைத்தேன். என் உறைக் கிருமிகள் ஒரே அளவில் வரிசை கட்டி நிற்கும், பள்ளி அணிவகுப்பு மாதிரி. இங்கே பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டம். நீளம், குட்டை, இரட்டை, தனியாள், ஓரத்தில் கொஞ்சம் ஈஸ்டு. இது என்னுடையது இல்லை.

அந்தம்மாவைக் கூப்பிட்டேன். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உறையில என்ன போட்டீங்க?"

"உறைதான் சார் போட்டேன்."

"என்னோடதா?"

"வீட்டு உறை சார். ரெண்டு கரண்டி. சில்வர் டப்பால எடுத்தாந்தேன். உங்களோடதுதான் செத்துப் போச்சே, எத்தனை நாளைக்கு அந்தப் பொணத்தையே ஊத்துறது?"

"எல்லா நாளும் போட்டீங்களா?"

"நீங்க பக்கத்துல நிக்காத நாளு."

"நடைமுறை தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும் சார். நடைமுறைல தயிரு வரல. அதான் போட்டேன். மாசக் கடைசில போகப் போறேன், போறதுக்குள்ள என் கையில உறையும்னு அவளுங்க பாக்கட்டும்னு போட்டேன்."

வெளியிலிருந்து கிருமி கொண்டுவருவது என் கோப்பில் மிகப் பெரிய குற்றம். பாரத்தை எடுத்து நிரப்பினேன். அன்றைக்கே அவரை உறை அறையிலிருந்து எடுத்து, பின்பக்கம் டப்பா அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் கழுவப் போட்டார்கள். தன் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். நான் தடயம் என்று சொல்லி அதில் இருந்ததைக் கொஞ்சம் குடுவையில் எடுத்து வைத்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகுதான் புத்தி வேலை செய்தது. அரசாங்கத் துறையிலும் தனியாரிலுமாக எனக்கு எப்போதும் அந்த வரிசையில்தான் நடந்திருக்கிறது. இரண்டு உறையும் ஒரே பாத்திரத்தில், ஒரே பாலில், ஒரே கையால் ஊற்றப்பட்டவை. கைதான் காரணம் என்றால் இரண்டுமே கெட்டிருக்க வேண்டும். ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது. அப்படியானால் எதுவோ ஒன்று என்னுடையதை மட்டும் தேடிக் கொன்றிருக்கிறது.

தயிர்க் கிருமிக்கும் வைரஸ் வரும். ஃபேஜ் என்று பெயர். நம்மை ஒன்றும் செய்யாது. கிருமிக்குள் புகுந்து, தன்னைப் போல் நூறாகப் பெருக்கி, வெடித்து வெளியே வரும். பாலில் ஊற்றிய உறை அத்தனையும் சில மணி நேரத்தில் காலி. பால் பாலாகவே நிற்கும். இது பாடப் புத்தகத்தில் உள்ள விஷயம், எனக்குத் தெரியாததல்ல. என் அறைக்குள் வராது என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

கெட்ட தயிரின் தண்ணீரை எடுத்து, கிருமி நுழைய முடியாத, வைரஸ் மட்டும் நுழையும் வடிகட்டியில் வடித்தேன். மூன்று தட்டுகளில் கிருமியைப் பாய் மாதிரிப் பரப்பினேன். ஒன்றில் என் உறை. ஒன்றில் அந்தம்மாவின் வீட்டு உறை. மூன்றாவதற்கு, பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வாங்கி, ஒன்றை மட்டும் திறந்து மற்றதை உறைபனிப் பெட்டியில் போட்டுவைத்த பழைய மூலக் குப்பிகளில் ஒன்றை உடைத்தேன். மூன்றிலும் வடித்த தண்ணீரைச் சொட்டு விட்டேன்.

மறுநாள் காலை என் தட்டு சொட்டை விழுந்த தலை மாதிரி இருந்தது. சொட்டு விழுந்த இடமெல்லாம் தெளிவான வட்டம். கிருமி செத்த இடம். அந்தம்மாவின் தட்டில் ஒரு வட்டமும் இல்லை. அதைக்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். பழைய குப்பியின் தட்டிலும் ஒரு வட்டமும் இல்லை. என் உறை பிறந்ததே அந்தக் குப்பி வகையிலிருந்துதான். தாய் தப்பித்தது, பிள்ளை செத்தது. இடையில் பிள்ளையை வளர்த்தது நான்.

என் உறையையும் பழைய குப்பியையும் ஐஸ் பெட்டியில் வைத்து, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த பழைய வகுப்புத் தோழிக்கு அனுப்பினேன். சில நாளில் ஃபேக்ஸ் வந்தது. கிருமிகளின் மரபு இழையைப் பிரித்து எடுத்த கறுப்புப் படம், அதில் வெள்ளைக் கோடுகள், ஏணிப்படி மாதிரி. பழைய குப்பியின் வரிசையில் இருந்த ஒரு கோடு என்னுடைய வரிசையில் இல்லை. கீழே அவள் கையெழுத்தில், "உன் குழந்தை பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிட்டது. எப்படி வளர்த்தாய்?"

பிளாஸ்மிட் என்பது கிருமியின் முக்கியமான மரபு இழையோடு சேராமல் தனியாகக் கிடக்கும் சின்ன வளையம். வைரஸைத் தடுக்கும் வழிமுறைகள் பல அதில்தான் எழுதியிருக்கும். உள்ளே வந்த வைரஸின் இழையைத் துண்டு துண்டாக வெட்டும் கத்தரிகள் உண்டு. இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. வைரஸ் புகுந்துவிட்ட கிருமி, அது பெருகி முடிக்கும் முன்பே தானாகச் செத்துப்போகும். வைரஸும் அதோடு அடங்கிவிடும். பக்கத்தில் உள்ளவை பிழைக்கும். நான் பார்த்த அலுவலகங்களில் இந்த வழக்கம் இல்லை. தவறு உள்ளே வந்தால் நாங்கள் முதலில் பக்கத்து ஆளைத்தான் தள்ளிவிடுவோம்.

அந்த வளையத்தைச் சுமக்க கிருமிக்குச் செலவு உண்டு. எதிரி வரும் இடத்தில் சுமக்கும். எதிரியே இல்லாத இடத்தில், பிரியும்போது ஒன்றிரண்டு அதை விட்டுவிடும். விட்டவை கொஞ்சம் வேகமாக வளரும். என் நடைமுறை என்ன? குப்பியின் தாளில் முப்பது டிகிரி என்று போட்டிருந்தது. சீக்கிரம் ஆகட்டும் என்று நான் முப்பத்தெட்டில் வைத்தேன். அந்தச் சூட்டில் வளையம் இன்னும் சுலபமாகக் கழன்றுகொள்ளும். மாதம் ஒருமுறை தட்டில் கோடிழுத்து, இருப்பதிலேயே பெரிதாக, வேகமாக வளர்ந்த புள்ளியை எடுத்து அடுத்த தலைமுறைக்கு வைத்தேன். முதல் மாணவனையே தேர்ந்தெடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடியவனையே மாதாமாதம் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு வைரஸ்கூட இல்லாத என் சுத்தமான அறையில் அது யாருக்கும் தெரியவில்லை. உறை அறையில் தெரிந்தது; சன்னலுக்குக் கீழே நாங்கள் கொட்டிய பாலிலிருந்தே வைரஸ் திரும்பத் திரும்ப உள்ளே ஏறியிருக்கிறது. அந்தம்மாவின் அடுப்படியில் வைரஸ் தினமும் வந்து போயிருக்கும். அங்கே தாக்குப்பிடித்தவைதான் மறுநாள் உறையாக மிஞ்சும்.

இதையும் ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த முறை 'வாய்ப்புண்டு' இல்லை. முதலாளி இரண்டு தடவை படித்தார். "சரி சார், பழைய குப்பியை வச்சு ஆரம்பிச்சிடுங்க. அந்தம்மா விஷயம் முடிஞ்சு போச்சு, அதை எதுக்குக் கிளறணும்?" என்றார். கிளறியே ஆக வேண்டும், இல்லையென்றால் என் மேலும் ஒரு பாரம் நிரப்புங்கள் என்றேன். கடைசியில் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் அந்தம்மாவுக்குப் பழைய வேலையும் கொடுக்கச் சம்மதித்தார்.

கிரேட் கழுவும் இடத்துக்குப் போய்ச் சொன்னேன். அவர் குழாயை நிறுத்தவில்லை.

"இங்கயே இருந்துக்கறேன் சார்."

"தப்பு உங்க மேல இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன்மா."

"எதுல?"

"அறிக்கையில."

"இங்கிலீஷ்லயா?" குழாயை நிறுத்தினார். "எங்க தோட்டத்துல போன வாரம் கோயில் சாப்பாடு. உறை ஊத்த வேற ஆளைக் கூப்பிட்டாங்க. பேரு அங்க வரைக்கும் போயிடுச்சு. அவங்கள்ல யாரு சார் உங்க சுராட்டுக் கடுதாசியைப் படிக்கப் போறது? நம்ம வேன்ல வர்ற பொம்பளைங்கதானே கொண்டுபோயிச் சொன்னாங்க. அவங்க முன்னாடி தமிழ்ல சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் பத்து மணித் தேநீர் நேரத்தில் கேன்டீனில் போய் நின்றேன். ஆறு பெண்கள். கடைசி மேசையில் அந்தம்மா, ரப்பர் காலணியோடு. எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்த விஷயத்தைத் தமிழில் சொன்னதில்லை. வைரஸ், வடிகட்டி, தட்டு என்று ஆரம்பித்ததும் ஒருத்தி ரொட்டியைத் தேநீரில் தோய்க்கப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல், "கிருமி கையில ஒரு வளையல் போட்டிருக்குன்னு வச்சுக்கங்க" என்றேன். "எதிரி வந்தா அந்த வளையல்தான் காப்பாத்தும். நான் அதைக் கழட்டுற மாதிரி வளர்த்துட்டேன்."

"அதான் தெரியுமே!" என்றாள் வயதில் மூத்தவள். "எங்க வளையலையே கழட்ட வச்ச ஆளு நீங்க. கிருமியை விட்டுடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். உணவுத் தொழிற்சாலையில் வளையல் கூடாது என்ற விதி நான் எழுதியதுதான். அதை மாற்றும் உத்தேசம் இல்லை என்று சொன்னேன். இன்னும் சிரித்தார்கள்.

"அப்ப தீட்டு இல்லையா சார்?" மோரைக் குடிக்காமல் வைத்தவள் கேட்டாள்.

"இல்ல. இவங்க கையில ஒண்ணும் இல்ல. கெட்டது என் ரூம்ல, என் பெட்டியில, என் கையால. இவங்க வீட்டு உறைதான் பிழைச்சுது."

"அப்ப நாங்க தூரமா இருக்கறப்ப வீட்டுல ஊத்தலாமா?"

"ஊத்தலாம்."

"மாமியாகிட்ட நீங்க வந்து சொல்றீங்களா?"

மறுபடியும் சிரிப்பு. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசி மேசையிலிருந்து அந்தம்மா, "இன்னொண்ணு இருக்கு சார்" என்றார். குரல் உயரவில்லை. "என் லீவு தேதியெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்களாமே. அதையும் சொல்லுங்க."

வாசலில் முதலாளியம்மா கையில் தேநீரோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டது அவர், கொடுத்தது நான். கேட்டவரைச் சொல்லாமல் கொடுத்தவனை மட்டும் சொன்னேன். லீவு அட்டையை எடுத்ததையும், தேதிக்குப் பக்கத்தில் தேதி எழுதியதையும், அது அறிவியல் இல்லை என்று தெரிந்தே எழுதியதையும் சொன்னேன். அது படித்தவன் செய்யும் வேலையில்லை, எந்த ஆம்பளையும் செய்யும் வேலையில்லை என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அட்டையும் என் அலமாரியில்தான் இருந்தது.

முதலாளியம்மா உள்ளே வந்து, அந்தம்மாவுக்கு எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தன் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு உறை அறைக்கு வந்துருங்க" என்றார்.

வந்தார். முப்பது டிகிரியில் எழுப்பிய பழைய குப்பியின் உறையை, அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றினார். கதவைத் திறந்து வைப்பது விதிக்கு விரோதம். டப்பா அடைக்கும் பெண்கள் அங்கிருந்து எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் முதல் டப்பாவை மூத்தவள் திறந்து, கரண்டியை நட்டு நிறுத்தி, கையை எடுத்தாள். கரண்டி நின்றது. அந்த மாதக் கடைசிக்குள் தோட்டத்திலிருந்து ஒரு சடங்கு வீட்டுக்கு உறை ஊற்றக் கூப்பிட்டார்கள் என்று வேன் ஓட்டுநர் சொன்னார். அந்தம்மா என்னிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நானும் அந்தம்மாவும் ஒன்பது ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். நல்ல மாதிரியாகத்தான் பேசுவார். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுப்பார். லீவு பாரத்தை மட்டும் ஒரு நாளும் என்னிடம் கொடுத்ததில்லை. என்னைத் தாண்டி நடந்து, நேராக அலுவலகத்தில் கிளார்க் பெண்ணிடம் கொடுப்பார். மற்ற ஆறு பேரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். என் நடைமுறைக் கோப்பின்படி அது தவறு, பிரிவு அதிகாரியின் கையெழுத்து முதலில் வேண்டும். நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை.